காத்துள்ளபோதே...

பெட்ரோல் பங்கில் நம்மிடம் இரண்டு பேர் ''எவ்வளவு சார்?'' என்று கேட்பார்கள். பெட்ரோல் போடுகிறவர் கேட்டால் பர்ஸைப் பார்த்து பதில் சொல்வோம். காற்றடிக்கிற பையன் கேட்டால் வானத்தைப் பார்த்து சொல்வோம்: ''முப்பத்தஞ்சு வைப்பா!''

ஏன் முப்பத்தஞ்சு? நமக்கு முன்னால் நின்றவர் அப்படித்தான் சொன்னார். அவர்? அவருக்கு முன்னால் நின்றவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். வாழையடி வாழையாக வருகிற ஞானம் இது. மச்சான் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிற வரைக்கும் நானும் அந்தத் தோப்பில் ஒரு வாழைதான்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். இருபது வருஷக் கனவு அவருக்கு. வீட்டுக் கடன், தங்கை கல்யாணம், பெண்ணின் காலேஜ் ஃபீஸ் எல்லாம் முடிந்து, நாற்பத்தெட்டாவது வயசில் ஒரு சிவப்புக் கார். செகண்ட் ஹேண்ட். இரண்டே சீட். அதில் ஏறுவது காரில் ஏறுகிற மாதிரி இருக்காது, பாயில் படுக்கிற மாதிரி இருக்கும். எழுந்திருக்க யாராவது கை கொடுக்கணும்.

முதல் ரவுண்டுக்குத் தங்கையை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். (வீட்டில் அந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.) ஈ.சி.ஆரில் மகாபலிபுரம் வரை என்று திட்டம். திருவான்மியூர் பக்கம் ஒரு பங்கில் நிறுத்தினோம். மச்சான் பணம் கட்டப் போனார். பையன் டியூபை இழுத்துக்கொண்டு வந்தான்.

''எவ்வளவு சார்?''

ஸ்போர்ட்ஸ் காருக்குப் போய் முப்பத்தஞ்சா? கெத்தாகக் குனிந்து டயரைப் பார்த்தேன். பக்கவாட்டில், அதிகபட்சம் 51 பி.எஸ்.ஐ. என்று அச்சாகியிருந்தது. என் பி.காம். மூளை சுறுசுறுப்பானது. எம்.ஆர்.பி. 51. யாராவது எம்.ஆர்.பி. விலைக்கு வாங்குவானா?

''45 வை!''

டயர் நாலும் கருங்கல் மாதிரி நின்றன. ரேஸ் வண்டி என்றால் இப்படித்தான் இருக்கணும் என்று தட்டிக்கூடப் பார்த்தேன்.

கோவளம் தாண்டியதும் ரோட்டிலிருந்த சின்னச் சின்னக் கல்லெல்லாம் என் முதுகெலும்புக்குச் செய்தி அனுப்ப ஆரம்பித்தன. வடநெம்மேலி பக்கம் ஒரு வளைவு. ரோட்டோரம் கடற்கரை மணல் பரவிக் கிடந்தது. குறுக்கே ஒரு நாய். மச்சான் பிரேக்கைத் தொட்டார். அவ்வளவுதான். வண்டியின் பின்பக்கம் எங்களைவிட அவசரமாகக் கிளம்பியது. கண்ணை மூடித் திறந்தபோது கார் சென்னையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. அரை நிமிஷம் கழித்து, நாங்கள் சுற்றிய அதே இடத்தில் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

நாய் பிழைத்தது. நாங்களும்.

திரும்பி வருகிற வழியெல்லாம் மச்சான் பேசவில்லை. வீட்டு வாசலில் சாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: ''கை தளர்ந்துபோச்சு மாப்ளே. இதெல்லாம் இருபத்தஞ்சு வயசுல ஓட்டணும். வித்துடறேன்.''

எனக்குள் அந்த 45 உருண்டுகொண்டே இருந்தது. வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை, வண்டிக்கு என்ன விலை போகும் என்று கேட்க ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். அறுபது தாண்டிய பெரியவர். சின்ன வயசில் சோழவரம் ரேஸில் டயர் உருட்டியவர். இன்ஜினைப் பார்ப்பார் என்று நினைத்தேன். சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு கேஜை எடுத்து டயரில் வைத்தார்.

''43! எந்தப் புண்ணியவான் அடிச்சது இது?''

டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவு மூடுகிற தூணில் இருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். முன்னே 28, பின்னே 28. மச்சான் அதையே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

''நான்தான் மச்சான்'' என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

திட்டுவார் என்று காத்திருந்தேன். ''அப்ப தப்பு என் கையில இல்லையா?'' என்றார். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தபோதுதான், ராத்திரி முழுக்க அவரை என்ன பாடுபடுத்தியிருக்கிறேன் என்று புரிந்தது.

பெரியவர் பாடம் எடுத்தார். ''டயர்ல போட்டிருக்கிறது அது தாங்குற எல்லை தம்பி. உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு டயர் கம்பெனிக்கு எப்படித் தெரியும்? அதை வண்டி செஞ்சவன் சொல்லணும். ஒரு டயர் ரோட்டைத் தொடுறது உள்ளங்கை அளவுதான். காத்து ஏறினா நடு மட்டும் உப்பிக்கிட்டு அந்த உள்ளங்கையும் சுருங்கிடும். வண்டி ஒட்டாது, குதிக்கும்.''

''45 அடிச்சேனே, 43 எப்படி?''

''ஓட்டிட்டு வந்து சூட்டோட அடிச்சிருப்பீங்க. சுமாரா ஆறு டிகிரி சூட்டுக்கு ஒரு பவுண்டு ஏறும். ஆறினா இறங்கும். ஸ்டிக்கர்ல இருக்கிறது ஆறின டயருக்கு. காலையில வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி பாருங்க.''

நான் திருந்திய வேகத்தில், ''அப்ப 20 வச்சா இன்னும் நல்லாப் பிடிக்குமே?'' என்றேன். பெரியவர் மச்சானிடம், ''சார், இவரைப் பங்குக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க'' என்றார். காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கி நிமிரும். அந்த உழைப்பில் சூடேறி, நெடுஞ்சாலையில் வெடிக்கும்.

மழையில் இன்னொரு வம்பு. தண்ணீர் தேங்கிய ஓடுபாதையில் விமான டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்று நாசா 1963-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 36 பவுண்டு காற்று என்றால் மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர். 25 என்றால் சுமார் 83. காருக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் காற்று குறைந்தால் சீக்கிரம் மிதக்கும் என்பது பொருந்தும்.

அதற்காக எல்லா ஸ்போர்ட்ஸ் காருக்கும் 28 என்று அடுத்த வாழைத் தோப்பை ஆரம்பித்துவிடாதீர்கள். 1989-ல் வந்த மஸ்டா மியாட்டா எடை குறைந்த வண்டி. அதற்கு நாலு டயருக்கும் 26. போர்ஷே 911-க்கு இன்ஜின் பின்னால். 1997-ல் வந்த மாடலுக்கு முன்னே 36, பின்னே 44. ரேஸ்காரர்கள் ஓட ஓட ஏறப்போகும் சூட்டைக் கணக்குப் பண்ணி, முதலில் குறைவாக வைக்கிறார்கள். ஓடி வந்ததும் டயரின் உள்ளோரம், நடு, வெளியோரம் மூன்றிலும் சூட்டை அளக்கிறார்கள். நடு மட்டும் கொதித்தால் காற்று அதிகம். ஓரம் இரண்டும் கொதித்தால் குறைவு. வானத்தைப் பார்த்துச் சொல்பவர் அங்கே யாருமில்லை.

நைட்ரஜன் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருத்தர் சொன்னார். நாம் சும்மா அடிக்கிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். பாக்கி 22-க்காகக் காசு கொடுப்பது அவரவர் விருப்பம். அளக்காமல் அடித்தால் அதுவும் வெறும் காத்துதான்.

மச்சான் காரை விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு கேஜும் கையுமாக நிற்கிறார். போன வாரம் தங்கையையும் ஒரு ரவுண்டு கூட்டிப் போனார். எனக்கு அளக்க மட்டும் அனுமதி. அடிக்க இல்லை.

நேற்று என் பைக்குக்குக் காற்றடிக்கப் போனேன். ''எவ்வளவு சார்?''

''இருப்பா'' என்று மண்டி போட்டு, செயின் கவர் பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இரண்டு வருஷ அழுக்கைத் துடைத்தேன். பின்னால் நின்றவர் எரிச்சலாக ஹார்ன் அடித்தார்.

அடிக்கட்டும். அவருக்கும் ஸ்டிக்கர் எங்கே இருக்கிறதென்று காட்டிவிட்டுத்தான் கிளம்பினேன்.