கை ஊன்றாமல் எழுவதற்கு

ஜிம்முக்குப் போகிறவரைக் கேட்டால் எத்தனை கிலோ தூக்கினார் என்று சொல்வார். யோகா வகுப்புக்குப் போகிறவர் மனசு லேசாகிவிட்டது என்பார். சிலம்பம் ஆடுகிறவர் எதுவும் சொல்லமாட்டார்; கம்பை எடுத்து ஒரு வீச்சு வீசிக் காட்டுவார். சிலம்பம், யோகா, தண்டால், பஸ்கி என்று எதையும் விடாமல், எதிலும் பெரிதாகத் தேறாமல் செய்துவருகிற எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். நாற்காலியிலும் கட்டிலிலும் பைக்கிலுமே நாளைக் கழிக்கிற உடம்பு தரையை மறந்துபோகிறது. இந்தப் பயிற்சிகள் எல்லாமே அதை மறுபடி தரைக்குப் பழக்குகின்றன.

நடுவயதில் சிலம்பம் கற்கப் போனால் முதலில் கூச்சம் போகவேண்டும். பக்கத்தில் நிற்பவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீட்டில் 2021இல் சிலம்பமும் சேர்ந்தது; 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிவரும் பெற்றோர்களின் பேச்சில் இந்த இரண்டும் தவறாமல் வரும். ‘நீங்க எந்தப் பையனோட அப்பா?’ என்று என்னையும் கேட்டவர்கள் உண்டு.

எங்கள் ஆசான் என்னைவிட வயதில் சிறியவர். புருவ உயரத்துக்கு அளந்து வெட்டிய கம்போடு போன என்னிடம், ‘அத அப்பிடி ஓரமா சாத்தி வைங்க சார்’ என்றார். காலடிதான் முதல் பாடம். முன்னே ஓர் அடி, பின்னே ஓர் அடி, திரும்பி ஓர் அடி. முழங்கால் சற்று மடங்கியே இருக்கவேண்டும். ‘கம்பு சுத்துறது கையில்ல சார், காலு’ என்பார். அவர் சொன்னது பிறகுதான் விளங்கியது. வீச்சுக்கான விசை பாதத்தில் பிறந்து இடுப்பு வழியாகத் தோளுக்கு ஏறுகிறது. மணிக்கட்டு கடைசியில்தான் வேலைசெய்கிறது. கால் தடுமாறினால் கம்பு முதலில் பதம் பார்ப்பது நம் முழங்காலைத்தான்.

யோகாவில் நிதானம் வேறு மாதிரி. சென்னையில் நெடுங்காலம் வாழ்ந்து 1989இல் மறைந்த யோகா ஆசிரியர் டி. கிருஷ்ணமாச்சாரியாரின் வழியில் வந்தவர்கள், அசைவை மூச்சோடு கோத்துவிடுவார்கள். கை உயரும்போது மூச்சு உள்ளே, குனியும்போது மூச்சு வெளியே. மூச்சு திணறுகிறது என்றால் உடம்பு தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பக்கத்துப் பாயில் இருப்பவர் எவ்வளவு வளைகிறார் என்று பார்க்கிற ஆசையும் இதில் அடங்கிவிடும்.

கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி வகுத்த எளியமுறை உடற்பயிற்சியும் இப்படித்தான். கைப்பயிற்சி, காலுக்கான பயிற்சி, மூச்சுப்பயிற்சி, மகராசனம் என்று போய், கடைசியில் உடம்பைத் தளர்த்திப் படுப்பதில் முடியும். அதைக் கற்றுத்தரும் மனவளக்கலை மன்றங்களில் பேரன் பேத்தி எடுத்தவர்கள் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் திருப்புவதைப் பார்க்கலாம். வேட்டியையும் சேலையையும் சரிசெய்துகொண்டே செய்வார்கள். விலையுயர்ந்த உடை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

தண்டாலும் பஸ்கியும் பயில்வான்களின் சொத்து என்று நினைத்திருந்தேன். ஒருநாள் தண்டாலை மெதுவாக எடுத்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. இடுப்பைத் தூக்கி நிற்கும் நிலை, யோகா வகுப்பில் அதோ முக ஸ்வானாசனம். நெஞ்சைத் தரையை ஒட்டி இழுத்து முன்னே நிமிர்ந்தால் ஊர்த்துவ முக ஸ்வானாசனம். மல்யுத்தக் கோதாவிலிருந்து யோகா பாய்க்கு ஓர் அசைவு தூரம்தான். சூரிய நமஸ்காரத்தை 1920களில் ஊர் ஊராகப் பரப்பியவர், தேகப்பயிற்சியில் பித்துக்கொண்ட அவுந்த் சமஸ்தானத்து ராஜா. கிருஷ்ணமாச்சாரியார் 1930களில் பாடம் நடத்தியதும் மைசூர் அரண்மனையில்தான். அங்கே தேகப்பயிற்சியும் யோகமும் அடுத்தடுத்து நடந்தன. இரண்டுக்கும் நடுவே நாம் எழுப்பியிருக்கும் சுவர் அப்படியொன்றும் பழையதல்ல.

தண்டாலில் இன்னொரு வசதி, எடையை நாமே கூட்டிக் குறைக்கலாம். தரையில் நேராக எடுத்தால் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்கும். முழங்காலை ஊன்றினால் அது குறையும். சுவரில் சாய்ந்து எடுத்தால் இன்னும் குறையும். மூட்டுவலிக்காரர் சுவரில் தொடங்கி, மேசை, படிக்கட்டு என்று கீழே இறங்கி வரலாம். பஸ்கிக்கும் நாற்காலி நுனியைத் தொட்டு எழுவதிலிருந்து ஒரு வழி உண்டு. பள்ளிக்கூடத்தில் தண்டனையாகவும் பிள்ளையார் முன்னால் பக்தியாகவும் நாம் போட்ட தோப்புக்கரணமும் பஸ்கிதான். காதைப் பிடித்துக்கொள்வது மட்டும் கூடுதல்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டுமாம். 65 வயதைக் கடந்தவர்கள் உடல் சமநிலைக்கான பயிற்சியை வாரம் மூன்று நாள் செய்யவேண்டும் என்றும் சேர்த்திருக்கிறது. நம்மூரில் ‘வாக்கிங் போறேன்’ என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. நடப்பது நல்லதுதான், ஆனால் குளியலறையில் கால் வழுக்கும் நொடியில் தாங்கிப் பிடிக்கும் தொடை வலு அதில் மட்டும் வந்துவிடாது.

பிரேசில் நாட்டு மருத்துவர்கள் 51 முதல் 80 வயது வரையிலான இரண்டாயிரம் பேருக்கு எளிய சோதனை ஒன்று வைத்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். தரையில் உட்கார்ந்து எழவேண்டும், அவ்வளவுதான். மொத்தம் 10 மதிப்பெண். கையையோ முழங்காலையோ ஊன்றும் ஒவ்வொரு முறையும் ஒரு மதிப்பெண் போகும். குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களிடையே அடுத்த சில ஆண்டுகளில் மரணம் அதிகமாக இருந்தது. உட்கார்ந்து எழுவதாலேயே ஆயுள் கூடிவிடும் என்று இதற்குப் பொருளில்லை. தசை வலு, மூட்டின் நெகிழ்வு, சமநிலை ஆகியவை அந்த ஒரே அசைவில் வெளிப்பட்டுவிடுகின்றன. அம்மியில் அரைத்தவர்களும் நாற்று நட்டவர்களும் பாயில் படுத்தவர்களும் இந்தச் சோதனையைத் தினம் எழுதித் தினம் தேறியவர்கள்.

அதனால் கம்பு வீச்சில் பரிசு வாங்கும் ஆசையோ, தலைகீழாக நின்று படம் எடுத்துக்கொள்ளும் ஆசையோ எனக்கில்லை. எழுபது வயதிலும் ஒரு கல்யாணப் பந்தியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பாயசம் வரை சாப்பிட்டு, இலையை மூடிவிட்டுக் கை ஊன்றாமல் எழவேண்டும். அதற்குள் தரையில் பந்தி போடுகிற மண்டபம் ஒன்றாவது மிச்சமிருக்குமா என்பதுதான் என் கவலை.