வானுக்கும் உண்டு கணியம்

நுழையும்முன்

விமானி ஆக வேண்டும் என்று விரும்பும் இளையோர் பலர். அவ்விருப்பத்தை எங்கிருந்து தொடங்குவது, எப்பள்ளியைத் தேர்வது, எவ்வளவு பொருளும் காலமும் தேவைப்படும் என்பதை அறிந்தோர் சிலரே. கனவு காண்பதற்கு இணையான உழைப்பு, அக்கனவைத் திட்டமிடுவதற்கும் வேண்டும். குமரிக் கடற்கரையைச் சேர்ந்த ஒரு மாணவியின் வழியே அத்திட்டமிடலைக் காட்டுகிறது இக்கட்டுரை.

மணல்மேட்டில் ஒரு கனவு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் பதினோராம் வகுப்பு பயிலும் மாணவி அவள். தந்தை வள்ளத்தில் மீன்பிடிக்கச் செல்பவர். மாலை வேளைகளில் வலை காயும் மணல்மேட்டில் அமர்ந்து, திருவனந்தபுரம் நோக்கித் தாழ்ந்து செல்லும் விமானங்களைப் பார்த்திருப்பது சிறுவயது முதல் அவளது வழக்கம். பிற பிள்ளைகள் கையசைத்து ஓய்ந்த பின்னும், அவ்விமானத்தை ஓட்டுபவருக்குக் கீழே தெரியும் இக்கரை எப்படித் தோன்றும் என்று அவள் எண்ணிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் தன் விருப்பத்தை வீட்டில் கூறினாள். தந்தை மறுக்கவில்லை. விசாரிக்கத் தொடங்கினார். நகரத்து இடைத்தரகர் ஒருவர் வந்தார். "பதினெட்டு மாதத்தில் பயிற்சி முடியும், வேலை உறுதி, இவ்வாரத்திற்குள் ஐந்து இலட்சம் முன்பணம் கட்ட வேண்டும்" என்றார். குடும்பத்துக்கு இருந்தவை ஒரு வள்ளமும் தாய்வழி வந்த சிறிய தென்னந்தோப்பும் மட்டுமே. தோப்பை விற்க ஆள் பார்த்தார் தந்தை. மகள் மகிழ்ந்தாள், அன்றிரவு உறக்கம் மட்டும் வரவில்லை.

மறுநாள் பாட்டாவிடம் சென்று அமர்ந்தாள். ஐம்பது ஆண்டுகள் கடலில் உழைத்த அவர், அனைத்தையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னார்:

"மக்களே, கணியம் பாக்காம யாராவது வலை எறிவாங்களா?"

கணியம் என்னும் அறிவு

மீன்வளம் மிக்க பாறைப் பகுதியைக் குமரிக் கடலோர மக்கள் 'பார்' என்பர். நடுக்கடலில் அப்பாரின் இடத்தை அறிய அவர்கள் பயன்படுத்திய முறையே கணியம். கரையிலுள்ள கோவில் கோபுரத்தையோ தேவாலய முகப்பையோ அதன் பின்னால் தெரியும் மலைமுகட்டோடு ஒரே நேர்கோட்டில் பொருத்திப் பார்ப்பர். வேறொரு திசையில் மற்றோர் இணையைப் பொருத்துவர். இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே தேடிய இடம். ஓர் அடையாளத்தை மட்டும் நம்பினால் வழி தவறும்.

விமானிகள் பயிலும் வான்வழிச் செலுத்துகையின் அடிப்படையும் இதுவே. தரையிலுள்ள ஆறு, மலை, நெடுஞ்சாலை ஆகியவற்றை வரைபடத்தோடு ஒப்பிட்டு நிற்குமிடத்தை அறிதல் அதன் முதற்பாடம். கச்சான், கொண்டல், வாடை எனக் காற்றைத் திசைக்கொரு பெயரிட்டு அறிந்தவர்கள் கடலோர மக்கள். நீரோட்டத்தை 'நீவாடு' என்று கூறி, அதன் இழுவைக்கேற்ப வள்ளத்தின் முகப்பைச் சற்றுத் திருப்பி ஓட்டுவர். பக்கக்காற்று வீசும்போது விமானியும் அவ்வாறே விமானத்தின் மூக்கைக் காற்று வரும் பக்கமாகத் திருப்பி, செல்லவேண்டிய கோட்டிலிருந்து விலகாமல் பறக்கிறார்.

பாட்டாவின் சொல்லை மாணவி புரிந்துகொண்டாள். தரகரின் வாக்கு ஓர் அடையாளம் மட்டுமே. மற்றவற்றைத் தேட வேண்டும். பள்ளியின் இயற்பியல் ஆசிரியையின் துணையோடு தேடத் தொடங்கினாள்.

முதல் தேர்வு உடலுக்கே

இந்தியாவில் விமானி உரிமங்களை வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்று 16 வயது நிறைந்தவர் மாணவ விமானி உரிமம் பெறலாம். வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் பயின்றிருத்தல் நெடுங்காலமாக இருந்துவரும் விதியாகும்.

ஆயினும், பணம் கட்டும் முன் கடக்க வேண்டிய வாயில் மருத்துவப் பரிசோதனையே. தொடக்கத்தில் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றும், வணிக உரிமத்துக்கு அதனினும் கடுமையான முதல் வகுப்புச் சான்றும் தேவை. இயக்குநரகம் ஏற்றுக்கொண்ட மருத்துவர்களும் மையங்களுமே இவற்றை நடத்தலாம். பெங்களூரிலுள்ள வான்வெளி மருத்துவ நிறுவனம் அத்தகைய மையங்களுள் ஒன்று. கண், செவி, இதயம், நிறங்களைப் பிரித்தறியும் திறன் ஆகியவை சோதிக்கப்படுகின்றன. பயிற்சிக்குப் பெரும்பொருள் செலவிட்ட பின் முதல் வகுப்புச் சான்று மறுக்கப்படுமாயின், செலவிட்ட பொருள் திரும்பாது. எனவே, இச்சோதனைகளை முதலிலேயே முடித்துக்கொள்வது அறிவுடைமை.

மாணவி மூக்குக்கண்ணாடி அணிபவள். இச்செய்தியைப் படித்தபோது அவள் உள்ளம் நடுங்கியது. கண்ணாடியால் திருத்தக்கூடிய பார்வைக்குறை, வரையறுத்த அளவுக்குள் இருந்தால் தடையாகாது என்று பின்னர் அறிந்தாள். தரகர் இதைப் பற்றி ஒரு சொல்லும் கூறாததையும் எண்ணிப் பார்த்தாள்.

ஏடும் வானும்

விமானப் பயிற்சி இருபகுதிகளைக் கொண்டது. முதலாவது ஏட்டுக் கல்வி. வான்வழிச் செலுத்துகை, வானிலையியல், வான்பயண விதிகள், விமானத் தொழில்நுட்பம் ஆகிய பாடங்களில் எழுத்துத்தேர்வு உண்டு. தேர்ச்சிக்கு 70 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். வானொலித் தொடர்புக்கெனத் தனித்தேர்வும் ஆங்கில மொழித்திறன் சோதனையும் உள்ளன. பன்னாட்டு அளவுகோலில் உள்ள ஆறு நிலைகளுள் குறைந்தது நான்காம் நிலையை அடைய வேண்டும். தமிழ்வழியில் பயில்வோர் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. தெளிவாகக் கேட்பதும், பிழையின்றிப் புரிந்துகொள்வதும், ஐயமற விடையளிப்பதுமே அங்கு அளவிடப்படுகின்றன. நாள்தோறும் பழகினால் இத்திறன் கைவரும்.

இரண்டாவது, வானில் பெறும் கல்வி. வணிக உரிமத்துக்கு 200 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணிநேரம் விமானத்தின் பொறுப்பைத் தாமே ஏற்றுப் பறத்தல் வேண்டும். குறைந்தது 300 கடல்மைல் தொலைவுள்ள நெடும்பயணம் ஒன்றை மேற்கொண்டு, இடையே வெவ்வேறு இரு விமான நிலையங்களில் இறங்கிச் செல்லவும் வேண்டும். இரவிற் பறத்தலும் கருவிகளை மட்டுமே நம்பிப் பறத்தலும் இக்கணக்கில் அடங்கும். பயிற்றுநர் இறங்கிக்கொள்ள, மாணவர் முதன்முறை தனியே மேலெழும் நாளை எந்த விமானியும் மறப்பதில்லை.

பள்ளியைத் தேர்தல்

உத்தரப்பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி தேசிய உரான் அகாதெமி நடுவண் அரசின் சார்பில் இயங்குவது. நுழைவுத்தேர்வு வாயிலாக மாணவர்களைச் சேர்ப்பது. மகாராட்டிரத்தின் கோந்தியாவிலும் பெரிய பயிற்சி நிறுவனம் உண்டு. நாஞ்சில் நாட்டுக்கு மிக அருகில், திருவனந்தபுரத்தில் கேரள அரசின் இராஜீவ் காந்தி வான்பயண நுட்ப அகாதெமி உள்ளது. தனியார் பள்ளிகளும் பல. அயல்நாட்டில் பயில்வோரும் உளர். ஆயினும், அங்குப் பெற்ற உரிமத்தை இந்திய உரிமமாக மாற்ற இந்திய விதிகளின்படி மீண்டும் தேர்வுகளை எழுத வேண்டும்.

பள்ளியின் விளம்பரப் படத்தில் பளபளக்கும் விமானம் எதையும் உணர்த்துவதில்லை. கணக்கே உணர்த்தும். ஒரு பள்ளியில் பறக்கும் நிலையில் நான்கு விமானங்கள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றும் மாதம் 60 மணிநேரம் பறந்தால், மொத்தம் 240 மணிநேரம். அங்கு 60 மாணவர்கள் பயின்றால், அனைவர்க்கும் தேவைப்படுவது 12,000 மணிநேரம். அதனை முடிக்க 50 மாதங்கள் ஆகும். மாணவர் 20 பேர் எனில், ஏறத்தாழ 17 மாதங்கள் போதும். பதினெட்டு மாதம் என்னும் வாக்குறுதி மெய்யா பொய்யா என்பதை இந்த எளிய கணக்கே காட்டிவிடும்.

மாணவி தன் குறிப்பேட்டில் கேள்விகளை எழுதினாள். பள்ளிக்கு இயக்குநரகத்தின் ஏற்பு இன்றும் நடப்பில் உள்ளதா? இருக்கும் விமானங்களுள் பறக்கக்கூடியவை எத்தனை? பயிற்றுநர் எத்தனை பேர்? சென்ற ஆண்டு முடித்தவர்கள் எத்தனை மாதங்களில் முடித்தனர்? பழுதுபார்க்கும் வசதி அங்கேயே உண்டா? மழையும் மூடுபனியும் ஆண்டில் எத்தனை நாள் பறத்தலைத் தடுக்கும்? கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாமா? இடையில் விலகினால் மீதிப்பணம் திரும்புமா?

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நனைக்கும் நிலத்தில் பிறந்தவளுக்கு வானிலை பற்றிய கேள்வி இயல்பாகவே எழுந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் காற்று முப்பந்தலின் காற்றாலைகளைச் சுழற்றுவதைக் கண்டு வளர்ந்தவள் அவள்.

தெரிந்து தெளிவோம்

பறத்தல் பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிடும் முறையை இயக்குநரகம் 2025ஆம் ஆண்டு தொடங்கியது. பாதுகாப்பு, செயல்திறன், மாணவர்க்கான உதவி முதலியன அதில் மதிப்பிடப்படுகின்றன. சேரும் முன் இத்தரவரிசையைக் காணலாம்.

பொருளும் மாற்றுவழியும்

வணிக உரிமப் பயிற்சிக்கு 40 இலட்சம் முதல் 60 இலட்சம் ரூபாய் வரை செலவாகலாம். அதன்பின், ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தனிப்பயிற்சிக்கு மேலும் பல இலட்சம் வேண்டும். உரிமம் கையில் கிடைத்த நாளே வேலை கிடைத்துவிடும் என்பதும் இல்லை. காத்திருக்கும் காலத்துக்கான செலவையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

வங்கிகளின் கல்விக்கடன் உண்டு. திருப்பிச் செலுத்தும் பொறுப்பை உணர்ந்தே பெற வேண்டும். பட்டியலின மாணவர்க்கான நடுவண் அரசின் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் வணிக விமானிப் பயிற்சியும் இடம்பெற்றுள்ளது. பொருள் தேடாமலே வானேறும் வழியும் ஒன்று உண்டு. தேசியப் பாதுகாப்பு அகாதெமித் தேர்வில் வென்று விமானப்படைக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கு அரசே பயிற்சியளிக்கிறது. 2022ஆம் ஆண்டு முதல் அங்குப் பெண்களும் பயில்கின்றனர். வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு, விமானப் பராமரிப்புப் பொறியியல் ஆகியனவும் வானோடு வாழும் தொழில்களே.

முன்சென்றோர் தடம்

1929ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றார். கன்னியாகுமரி அப்போது திருவிதாங்கூரின் பகுதி. கோதவர்ம ராஜாவின் முயற்சியால் திருவனந்தபுரத்தில் விமானத்தளம் உருவானது. 1935ஆம் ஆண்டு நெவில் வின்சென்ட் ஓட்டிய டாட்டா நிறுவனத்தின் சிறு விமானம் அங்கு வந்திறங்கியது. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் திருவிதாங்கூரின் அஞ்சல்களைச் சுமந்து பம்பாய்க்குப் புறப்பட்டது. 1936ஆம் ஆண்டு சரளா தக்ரால் விமானி உரிமம் பெற்றார். சென்னையின் உஷா சுந்தரம், தம் கணவர் வி. சுந்தரத்துடன் 1951ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு டவ் என்னும் விமானத்தை ஓட்டி வந்தார்.

இவை அனைத்தையும்விட மாணவியின் மனத்தைத் தொட்டது அண்மைச் செய்தி ஒன்று. திருவனந்தபுரம் மாவட்டத்தின் கொச்சுதுறை என்னும் மீனவச் சிற்றூரைப் பூர்விகமாகக் கொண்ட ஜெனி ஜெரோம், 2021ஆம் ஆண்டு மே மாதம் சார்ஜாவிலிருந்து திருவனந்தபுரம் வந்த விமானத்தில் துணை விமானியாகப் பணியாற்றினார். இந்தியாவின் விமானிகளுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் பெண்கள். உலகச் சராசரியோ 5 விழுக்காட்டளவே. கடற்கரையிலிருந்து வானம் எட்டாத தொலைவில் இல்லை என்பதை மாணவி உணர்ந்தாள்.

பெட்டிக்குத் திரும்பிய பத்திரம்

வார இறுதியில் தரகர் மீண்டும் அழைத்தார். தந்தை தொலைபேசியை மகளிடம் கொடுத்தார். குறிப்பேட்டிலிருந்த கேள்விகளை ஒவ்வொன்றாக அவள் பணிவுடன் கேட்டாள். விடைகளை எழுத்தில் தருமாறும் வேண்டினாள். "இவ்வளவு யோசித்தால் இடம் போய்விடும்" என்றார் அவர். எழுத்தில் எதுவும் வரவில்லை.

தந்தை நெடுநேரம் பேசாதிருந்தார். மகளின் கனவைத் தாமே தடுத்துவிடுவோமோ என்னும் அச்சமே அவரை அவசரப்படுத்தியிருந்தது. "அப்பா, நான் போகமாட்டேன்னு சொல்லலை. வழி பாத்துப் போவோம்னுதான் சொல்றேன்" என்றாள் மகள். அவர் எழுந்து, தோப்பின் பத்திரத்தை மீண்டும் பெட்டிக்குள் வைத்தார்.

கோடை விடுமுறையில் இருவரும் திருவனந்தபுரம் சென்று, இயக்குநரகத்தின் ஏற்புபெற்ற மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புப் பரிசோதனையை முடித்தனர். கண்ணாடி அணிந்து பறக்கத் தகுதியுடையவள் என்று சான்று வந்தது. முதல் வகுப்புப் பரிசோதனை, பன்னிரண்டாம் வகுப்பின் இயற்பியல், கணிதம், நாள்தோறும் அரைமணி நேர ஆங்கிலப் பயிற்சி, அகாதெமிகளின் நுழைவுத்தேர்வுகள் என அவளது குறிப்பேட்டில் அடுத்த ஈராண்டுக்கான வரிசை உருவானது. அவ்வரிசையின் கடைசியில்தான் பணம் கட்டும் நாள் இருந்தது.

பாட்டா அவ்வேட்டை வாங்கிப் புரட்டினார். எழுத்துகள் அவருக்கு முழுதும் விளங்கவில்லை. ஆயினும், "கணியம் சரியாத்தான் இருக்கு, மக்களே" என்றார்.

விரும்பியதை அடைய விரைவு மட்டும் போதாது, திசையும் வேண்டும். கேள்வி கேட்பது தயக்கத்தின் அடையாளம் அன்று; பொறுப்பின் தொடக்கம். பின்னாளில் பலர் உயிரைச் சுமந்து பறக்கப்போகும் ஒருவர், தம் குடும்பத்தின் உழைப்பைச் சிந்தாமல் சுமக்கக் கற்பதே முதற்பயிற்சி. அன்று மாலையும் மணல்மேட்டின்மேல் ஒரு விமானம் தாழ்ந்து சென்றது. அது எந்தத் திசைக் காற்றை எதிர்கொண்டு இறங்கும் என்று அவள் மனத்துக்குள் கணக்கிட்டுக்கொண்டிருந்தாள்.