ஐந்தடிகூட இல்லாத ஆள்

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் யூடியூபைத் துழாவிக்கொண்டிருந்தபோது யோசஃப் ஷ்மிட் மாட்டினார். 1930-களின் இசைத்தட்டு, கரகரவென்று ஒரே இரைச்சல். அதையும் தாண்டி அந்த டெனர் குரல் ஏறுகிறது பாருங்கள், எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆள் ஐந்தடிகூட இல்லை. இந்த உயரத்துக்கு ஓபரா மேடையில் கதாநாயகன் வேஷம் யார் கொடுப்பார்கள்? வானொலிக்கு அந்தக் கவலை கிடையாது. 1929-லிருந்து பெர்லின் வானொலியில் முழு ஓபராக்களையே பாடினார். செர்னோவிட்ஸ் நகரத்து யூதத் தொழுகைக்கூடத்தில் பாடி வளர்ந்த பையன், ஜெர்மனியில் வீட்டுக்கு வீடு கேட்ட குரலானான்.

1933 மே 9-ல் அவர் நடித்த படம் பெர்லினில் வெளியானது. மறுநாளே அதே ஊரில் நாஜிகள் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். அப்புறம் ஓட்டம்தான்: வியன்னா, பெல்ஜியம், பிரான்ஸ். நடுவில் 1937-ல் நியூயார்க் கார்னகி ஹாலில் பாடியிருக்கிறார். அங்கேயே இருந்து தொலைத்திருக்கக் கூடாதா மனுஷன்!

1942-ல் எல்லை தாண்டி சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்தவரைக் கியரன்பாட் அகதி முகாமில் அடைத்தார்கள். தொண்டைப் புண்ணுக்கு ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடந்தது. நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, முகாமுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். நவம்பர் 16. முகாமுக்குப் பக்கத்து விடுதியில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வயது 38.

மணி இரண்டரை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதே பாட்டை மறுபடி போட்டேன். உச்சத்துக்குப் போகும் முன் மூச்சு இழுக்கிற சத்தம்கூட அதில் கேட்கிறது.