தேய்ந்த கல்லின் வடிவு

சென்ற தவணையிலே பத்தாந் தர மாணவர்க்கு, "எமதூரில் வடிவான இடம்" என்னும் தலைப்பிற் கட்டுரை ஒன்று எழுதுமாறு பணித்தோம். நாற்பது கொப்பிகள் வந்து சேர்ந்தன. நல்லூர்க் கோபுரம், கசூரினாக் கடற்கரை, கீரிமலைக் கேணி என்று பிள்ளைகள் தத்தமக்கு இயன்றவாறு வருணித்திருந்தனர். ஒரேயொரு மாணவன் மட்டும், தன் வீட்டின் பின்னே பாழடைந்து கிடக்கும் பழைய கிணற்றையும், அதன் முறிந்த துலாவையும், அத்துலாவிற் படர்ந்த காட்டுக் கொடியையும் பற்றி எழுதியிருந்தான். வகுப்பிலே அதனை வாசித்தபொழுது ஏனையோர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை. ஆயினும், அவனுக்கு எத்தனை புள்ளி இடுவது என்று தெரியாமல், பேனாவைக் கையிற் பிடித்தபடி நெடுநேரம் இருந்தோம். அதற்குக் காரணம் உண்டு.

பழுதுபட்டவற்றிலே அழகு காணும் பழக்கம் எமக்கும் இளமை தொட்டே உண்டு. யாழ்ப்பாணத்துத் தெருவோரங்களிலே, இன்று எவரும் ஏறெடுத்தும் பாராத பழம்பொருள்கள்தாம் எத்தனை! மாடுகள் தம் தினவு தீர உரோஞ்சுவதற்கெனக் கேணியருகே நட்ட ஆவுரோஞ்சிக் கல். வழிப்போக்கர் தங்கி இளைப்பாறிய மடம். தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்தவர், பிறர் கைகொடாமலே சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்கிய சுமைதாங்கி. பருத்தித்துறைக்குச் செல்வோர், அங்கே தெருவின் மேலேயே கூரை வேய்ந்து நிற்கும் தெருமூடி மடத்தின் திண்ணையிற் சற்றே அமர்ந்து பார்ப்பாராக. நடுப்பகல் வெயிலிலும் அந்த நிழல், முகமறியாத யாரோ ஒருவர் எமக்கென வைத்துவிட்டுப் போன கொடைபோலத் தோன்றும்.

எமது குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தது. மழைநீர், காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, அக்கல்லைச் சிறுகச் சிறுக அரிக்கின்றது. நிலத்தின் கீழே குகைகள் உண்டாவதும் இதனாலேயே. நிலத்தின் மேலே பழங்கற்களிற் குழியும் சுழியும் விழுவதும் இதனாலேயே. மழை அரித்தது போக, மனிதர் கையும் மாட்டின் தோளும் பட்டுத் தேய்ந்தவை எஞ்சியவை. புதிய சீமெந்துச் சுவரிலே காணக்கிடைப்பது ஒரு மேசனின் ஒரு நாள் வேலை. பழங்கல்லிலே காண்பதோ பல தலைமுறையின் வேலை. இவ்வாறெல்லாம் நாம் நண்பரிடமும் மாணவரிடமும் பேசித் திரிந்தோம். அந்தப் பேச்சுக்கு ஒரு நாள் சோதனை வந்தது.

வலிகாமம் வடக்கிலுள்ள எம் ஊரை விட்டு, 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே, போரினால் எல்லாரும் வெளியேறினோம். அப்பொழுது எமக்கு வயது பத்து. இருபத்தேழு ஆண்டுகள் கழிந்து, 2017 இல் எம் வளவு இருந்த பகுதி விடுவிக்கப்பட்டது. முதுமையடைந்த தாயாரைக் கைபிடித்து அழைத்துச் சென்றோம். ஒழுங்கை எது, வளவு எது என்று தெரியாவண்ணம் காடு மண்டியிருந்தது. ஒரு பனையை அடையாளம் வைத்துத் தாயாரே வீட்டைக் கண்டுபிடித்தார்.

கூரை இல்லை; கதவு நிலைகளும் இல்லை. சுவரைப் பிளந்து ஆலமரம் ஒன்று வேரோடி நின்றது. விறாந்தை முழுவதும் நாயுண்ணிப் பற்றை பூத்துக் குலுங்க, வண்ணத்துப்பூச்சிகள் மொய்த்தன. செம்மண்ணும் பாசியும் ஏறிய சுவரிலே மாலை வெயில் விழுந்து பொன்னாய் மின்னியது. எம்மையும் அறியாமல், "எவ்வளவு வடிவாயிருக்கு, பாருங்கோ அம்மா!" என்று வாய்விட்டுவிட்டோம்.

தாயார் சற்று நேரம் பேசவில்லை. பின்பு மெதுவாக, "உனக்கு இது படம் மாதிரி இருக்கும், தம்பி. எனக்கு இது அடுப்படி. கொப்பாவுக்கு இந்த ஊரிலை கடைசியாச் சோறு போட்டது இஞ்சைதான்" என்றார்.

தந்தையார் இடம்பெயர்ந்த இடத்திலேயே, ஊரை மீண்டும் காணாமற் கண்மூடியவர். நாம் தலை குனிந்தோம். அன்று வரை பேசிய பேச்செல்லாம், பிறர் வீட்டு இழவிலே பந்தலின் அழகை மெச்சியவனுடைய பேச்சாகத் தோன்றியது.

தாயாரோ கற்குவியலைக் கிளறத் தொடங்கிவிட்டார். நெடுநேரம் தேடி, உடைந்த அம்மியின் பாதி ஒன்றை எடுத்தார். எம் பாட்டியார் அரைத்து அரைத்து நடுவிலே பள்ளம் விழுந்த அம்மி அது. அப்பள்ளத்திலிருந்த மண்ணைச் சேலைத் தலைப்பாலே துடைத்து, உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார். "பார், எவ்வளவு வடிவாத் தேய்ஞ்சிருக்கு" என்று இப்பொழுது அவர் சொன்னார்.

அதனைச் சாக்கிலே கட்டித் தோளிற் சுமந்துகொண்டு திரும்பினோம். ஒழுங்கை முடக்கிலே, அன்று காலையிற் பற்றை வெட்டியவர்கள் வெளிப்படுத்திய சுமைதாங்கி நின்றது. நட்ட இரு கல், அவற்றின்மேற் கிடத்திய ஒரு கல். தாயாரின் பெரியம்மா ஒருவர், நிறைமாதக் கர்ப்பிணியாயிருந்து, வயிற்றுச் சுமை இறக்காமலே இறந்துபோனவர். அத்தகையோர் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுவது எம்மவர் வழக்கம். வழிப்போக்கர் ஒவ்வொருவரும் தம் சுமையை இறக்கும்போது, இறந்தவளின் பாரமும் இறங்கும் என்பது நம்பிக்கை. இருபத்தேழு ஆண்டுகளாக அக்கல்லில் எவரும் எதனையும் இறக்கியிருக்கமாட்டார்.

"இறக்கி வை, தம்பி" என்றார் தாயார். இறக்கி வைத்தோம். இருவரும் அதனருகே சற்று நேரம் பேசாது நின்றோம்.

அன்று விளங்கியது ஒன்று. வீட்டை உடைத்தது போர். அம்மியைத் தேய்த்தது பாட்டியாரின் கை. இரண்டையும் ஒரே சொல்லால் "வடிவு" என்று நாம் அழைத்ததே பிழை. பாழ்ச்சுவரிற் பூத்த பூவைப் பழிக்க வேண்டுவதில்லை. அது தன் இயல்பிற் பூத்தது. ஆனால் அச்சுவருக்குள்ளே உண்டு உறங்கியவர் யார் என்று கேளாமல், பூவை மட்டும் பார்த்து மகிழும் கண் பாதிக் கண்ணே. கேட்டறிந்து பார்ப்பவனுக்கு, உடைந்த அம்மியும் ஓர் ஏடாகும்.

இன்று எம் புதிய வீட்டு முற்றத்திலே, மல்லிகைப் பந்தலின் கீழ் அவ்வம்மி கிடக்கின்றது. அத்திவாரத்துக் கல்லோடு போட்டுவிடலாம் என்று மேசன் சொன்னதற்குத் தாயார் இணங்கவில்லை. அதன் பள்ளத்தில் அவர் நாள்தோறும் ஊற்றும் நீரைக் குருவிகள் வந்து குடிக்கின்றன.

மாணவனின் கொப்பிக்கு வருவோம். புள்ளி இடாமல், அதன் அடியிலே, "இக்கிணற்றில் நீர் அள்ளியவர் யார்? வீட்டாரிடம் கேட்டு எழுதி வருக" என்று குறித்துக் கொடுத்தோம். மறுவாரம் மேலும் நான்கு பக்கம் எழுதி வந்தான். துலா மிதித்த பூட்டனார், புகையிலைக் கன்றுக்குப் பட்டையாலே நீர் இறைத்த மாமன்மார், விடியற்காலையில் அங்கே பாடிய பாட்டு என எல்லாம் அதிலே இருந்தன. வகுப்பிலே அதனை வாசித்தபொழுது எவரும் நகைக்கவில்லை.