மலை காத்து வைக்கும் நோய்கள்

‘விதையும் சுத்தம், தண்ணியும் சுத்தம். சுத்துவட்டாரத்துல யாரும் இந்தப் பயிரே போடல. அப்புறம் எனக்கு மட்டும் எப்படிங்க நோய் வந்துச்சு?’ கேள்வி-பதில் பகுதிக்கு வருகிற கடிதங்களில் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் இருந்துகொண்டே இருக்கிறது. மருந்தின் பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால், நோய் எங்கே குடியிருந்தது, எந்த வழியாக வந்தது என்று சொல்ல வேண்டுமானால் மலையையும் காற்றையும் மழையையும் பார்த்தாக வேண்டும். ஆவணி மாதம் நீலகிரிக்குப் போய்வந்தபோது இதற்கான பதில் பாதிக்கு மேல் கிடைத்தது.

போனது வேறு வேலையாக. தாளவாடியில் விவசாயம் பார்க்கிற என் மச்சினர், ‘ஊட்டிப் பக்கம் போனா நல்ல விதைக்கிழங்கா ரெண்டு மூட்டை பாத்துட்டு வாங்க’ என்று சொல்லியிருந்தார். தாளவாடியிலிருந்து சாம்ராஜ்நகர், குண்டல்பேட்டை, பந்திப்பூர் வழியாகத் தெப்பக்காடு வந்து, மசினகுடியில் பஸ் மாறினேன். அங்கிருந்து கல்லட்டி மலைப்பாதை. 36 கொண்டை ஊசி வளைவுகள். கீழே முள்மரக் காடும் வெயிலுமாக இருக்கிறது. பத்து வளைவு ஏறினதும் ஜன்னலை மூடச் சொல்கிறார்கள். மேலே போய்ச் சேரும்போது துண்டைத் தலையில் சுற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு தேசம் பார்த்த மாதிரி.

இந்தச் சரிவுக்கு மருத்துவ வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1897-ம் ஆண்டு ரொனால்டு ராஸ் என்ற ராணுவ மருத்துவர் விடுப்பில் ஊட்டிக்கு வந்திருந்தார். மலேரியா எப்படிப் பரவுகிறது என்று தேடிக்கொண்டிருந்தவர் அவர். இந்தச் சீகூர் சரிவில் காய்ச்சல் அதிகம் என்று கேள்விப்பட்டு, ஆராய்ச்சிக்காகக் கீழே இறங்கினார். இறங்கிய சில நாட்களில் அவருக்கே மலேரியா கண்டுவிட்டது! அதே ஆண்டு ஆகஸ்ட் 20-ம் தேதி, செகந்திராபாத்தில் வைத்து, கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902-ல் நோபல் பரிசும் வாங்கினார்.

கீழே காய்ச்சல் இருந்தது, மேலே ஊட்டியில் இல்லை. இடையில் சில மைல்கள்தான். காரணம், உயரம். குளிர் கூடக் கூடக் கொசுவின் உடம்புக்குள் அந்தக் கிருமி வளர்ந்து முடிவதில்லை. வெள்ளைக்காரர்கள் ஊட்டியை உடம்பு தேற்றிக்கொள்ளும் ஊராக ஆக்கிக்கொண்டதற்கும், அடிவாரத்துக் காடுகளில் வெகுகாலம் வெளியாட்கள் குடியேறத் தயங்கியதற்கும் இந்த உயர வித்தியாசம் ஒரு முக்கியக் காரணம்.

மனிதனுக்கு வந்த காய்ச்சலைத் தடுத்த அதே குளிர், பயிருக்கு வரும் நோய்களுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறது என்பதைத்தான் அடுத்த இரண்டு நாட்கள் பார்த்தேன்.

குன்னூரை ஒட்டி இருக்கிறது வெலிங்டன். ராணுவ ஊர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அங்கேயே இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் வட்டார நிலையம் 1954-லிருந்து நடக்கிறது. வேலை, கோதுமை. தமிழ்நாட்டுக்கும் கோதுமைக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் நினைத்தேன். பார்க்க அனுமதி வாங்கி உள்ளே போனால், சரிவு முழுக்கப் பாத்தி பாத்தியாகப் பச்சைக் கோதுமை. வட இந்தியச் சமவெளியில் பங்குனி, சித்திரையிலேயே அறுத்து முடித்துவிட்டார்கள். ஐப்பசியில்தான் மறுபடி விதைப்பார்கள். இங்கே ஆவணியில் கதிர் வாங்கி நிற்கிறது!

விஷயமே அதில்தான் இருக்கிறது. கோதுமைக்குப் பெரிய எதிரி துரு நோய். தண்டிலும் இலையிலும் இரும்புத் துரு போலப் பொடி பொடியாகக் கிளம்பும். விரலால் தடவினால் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பொடி அத்தனையும் பூஞ்சண வித்து. உயிருள்ள பயிரில் மட்டுமே இந்தப் பூஞ்சணத்தால் வாழ முடியும். சமவெளியில் அறுவடை முடிந்து, சித்திரை, வைகாசி வெயில் கொளுத்தும்போது வித்துகள் எல்லாம் செத்துப்போகின்றன. அப்படியானால் அடுத்த வருடம் நோய் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதற்கு விடை, ‘பார்பெரி’ என்ற முள் புதர். கோதுமை இல்லாத காலத்தைப் பூஞ்சணம் கடந்துவர அந்தப் புதர் உதவுகிறது. அதனால், அமெரிக்காவில் 1918-லிருந்து அதை வேரோடு பிடுங்கினார்கள். நம் நாட்டு மலைகளிலும் பார்பெரி இனங்கள் இருக்கின்றன. ஆனால், இங்கே அந்த வேலையைப் புதர் செய்யவில்லை என்று காட்டியவர், ஆக்ரா கல்லூரியில் இருந்த கே.சி.மேத்தா. ஆண்டுக்கணக்காக மலைமலையாகத் தேடிப் பார்த்து அவர் சொன்னது, ‘வெயில் காலத்தில் துரு உயிரோடு இருப்பது மலைகளில்தான். அங்கிருந்துதான் காற்றில் சமவெளிக்கு இறங்குகிறது’ என்பதுதான்.

இதில் தண்டைத் தாக்கும் கருந்துரு நோய்க்கு வீடு, நம் நீலகிரியும் பழனி மலையும். இங்கே வருடம் முழுக்க மிதமான குளிர். ஏதாவது ஒரு சரிவில் கோதுமை பச்சையாக நிற்கும். அதில் துரு ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு வந்த ஆராய்ச்சியாளர் எஸ்.நாகராஜனும் அவரோடு சேர்ந்தவர்களும், 1970-களில் வானிலைப் படங்களை வைத்து வழியையே வரைந்துவிட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகி நம் கரையைக் கடக்கிறதல்லவா? அந்தச் சமயத்தில் காற்று மலையிலிருக்கும் வித்துகளை மேலே தூக்கி வடக்கே கொண்டுபோகிறது. நூற்றுக்கணக்கான மைல் தாண்டி, மத்திய இந்தியாவில் பெய்கிற மழையோடு அவை கீழே இறங்குகின்றன. அங்கே அப்போதுதான் கோதுமை முளைத்து இலை விட்டிருக்கும்.

நமக்குப் புயல் என்றால் சாய்ந்த வாழை, மூழ்கிய நெல். அதே புயல், மத்தியப் பிரதேசத்து விவசாயிக்கு நீலகிரித் துருவைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டி. 1946-47-ல் மத்திய இந்தியாவில் கருந்துரு பெருவாரியாகப் பரவிக் கோதுமை பொய்த்தது. தன் வயலில் வந்து விழுந்தது எந்த மலையிலிருந்து புறப்பட்டது என்று அந்த மக்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

வெலிங்டன் நிலையத்தில் நோயை விரட்டுவதில்லை, வரவேற்கிறார்கள். துரு உடனே பிடிக்கிற ரகங்களைப் பாத்திகளைச் சுற்றி வேண்டுமென்றே விதைக்கிறார்கள். நடுவே புதிய ரகங்கள். மருந்து அடிப்பதில்லை. சுற்றிலும் துருப் பொடி பறக்கும்போது எது தாங்கி நிற்கிறதோ அது தேறியது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் விதை இங்கே வருகிறது. சமவெளியில் வருடத்துக்கு ஒரு போகம்தான் என்பதால், மறு போகத்தை இங்கே எடுத்து ஆராய்ச்சிக் காலத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறார்கள். நோய் வருடம் முழுக்கத் தங்குவதற்கு எது காரணமோ, அதுவே மருத்துவம் பார்ப்பதற்கும் வசதியாகிவிட்டது. நாம் உப்புமாவுக்கு ரவையாக வாங்குகிற சம்பா கோதுமையில் ‘நீலகிரி கப்ளி’ என்ற ரகமும் இந்த நிலையம் கொடுத்ததுதான்.

வேலை செய்துகொண்டிருந்த அம்மா ஒருவர், என் வேட்டியில் ஒட்டியிருந்த செம்பழுப்புப் பொடியைக் காட்டிச் சிரித்தார். ‘ஊருக்குப் போறதுக்கு முன்னாடி துவைச்சிருங்க. இருந்தாலும் உங்க ஊர்ல அதுக்கு என்ன வேலை, கோதுமையா போடுறீங்க?’ என்றார். சரிதான். தின்னப் பயிர் இல்லாத ஊரில் அந்த வித்து வெறும் தூசி.

கிழங்கு விஷயம் அப்படி இல்லை என்பது மறுநாள் முத்தோரைப் பக்கம் போனபோது தெரிந்தது. கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். நிலத்துக்காரர் எழுபது வயதுப் படுகர். டீ கொடுத்தார். விதைக்கு ரெண்டு மூட்டை வேண்டும் என்றதும் முகம் மாறிவிட்டது.

‘எங்க நட?’

‘தாளவாடிங்க ஐயா. மச்சினர் தோட்டம்.’

‘தம்பி, திங்க வேணும்னா எவ்வளவு வேணும்னாலும் எடுத்துட்டுப் போங்க. நடறதுக்குத் தர மாட்டேன். தரவும் கூடாது.’

ஒரு செடியைப் பிடுங்கி, வேரைத் தன் உள்ளங்கையில் விரித்துக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தபோது, குண்டூசித் தலையளவில் மஞ்சளாக நாலைந்து மணிகள். முட்டைக்கூடு நூற்புழு. ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் நூற்றுக்கணக்கான முட்டைகள். பெண் புழு செத்து, அதன் தோலே முட்டைகளுக்குக் கூடாக இறுகிவிடுகிறது. கிழங்குச் செடியின் வேர் பக்கத்தில் வருகிறவரை, இருபது வருடம்கூட மண்ணில் அப்படியே கிடக்கும்.

உருளைக்கிழங்குக்குத் தாய் வீடான தென் அமெரிக்க ஆண்டிஸ் மலைதான் இதற்கும் தாய் வீடு. நீலகிரியில் 1961-ல் கண்டுபிடித்தார்கள். இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக் கூடாது என்று 1971-ல் தடை வந்தது. புழுவுக்குக் குளிர்ந்த மண் பிடிக்கும், கீழ்நாட்டுச் சூடு ஆகாது. அதனால், மலையே அதற்கு ஒரு தீவு மாதிரி. துரு, காற்றில் தானாகப் பறந்துவிடும். இதற்குச் சிறகு கிடையாது. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு மனிதன்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மூட்டையில், மண்வெட்டியில், டிராக்டர் டயரில், செருப்பில். தாளவாடியும் சற்றே உயரமான, ராத்திரியில் குளிர்கிற ஊர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

‘எங்கப்பா காலத்துல வருஷம் ரெண்டு தடவை கிழங்கு போடுவோம். இப்ப ஒரு தடவை கிழங்கு போட்டா, மூணு நாலு போகம் கேரட், கோஸ், பூண்டு, பீன்ஸுன்னு மாத்தணும். தக்காளி, கத்தரிகூடப் பக்கத்துல ஆகாது, அதுலயும் தங்கிக்கும்’ என்றார் பெரியவர். நூற்புழுவைத் தாங்கும் ‘குஃப்ரி ஸ்வர்ணா’ ரகம் 1985-ல் வந்திருக்கிறது. ஆனாலும், பயிர் மாற்றுவதை அவர் விடவில்லை. நீலகிரியில் இன்று பார்க்கும் கேரட் சரிவுகளுக்கு விலை, சந்தை என்று பல காரணங்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத இந்த மஞ்சள் மணியும் அவற்றில் ஒன்று.

கிளம்பும்போது கறிக்கு ஐந்து கிலோ கொடுத்தார். காசு வாங்கவில்லை. வாய்க்கால் ஓரத்தில் நிறுத்தி, கிழங்கைத் தானே கழுவிப் பையில் போட்டார். பிறகு என் செருப்பைக் காட்டி, ‘அதையும்’ என்றார்.

தாளவாடி வந்து சேர்ந்ததும் மச்சினருக்குக் கோபம். ‘ரெண்டு நாள் சுத்திட்டு அஞ்சு கிலோவோட வந்திருக்கீங்களே?’ என்றார். கதையைச் சொன்னேன். முழுக்க நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால், ராத்திரி தங்கச்சி கிழங்கு சீவி முடித்ததும், தோலைக் குப்பைக்குழிக்கு எடுத்துப்போன பையனைக் கூப்பிட்டு நிறுத்தி, வாங்கி அடுப்பில் போட்டவர் அவர்தான்.