வெளியே போட்டுப் போக ஒரு பேண்ட்

ஓசூரில் காலையில் குளிர்காற்று, மதியம் வெயில், எந்நேரமும் லாரிப் புழுதி. தினமும் நடக்கப் போகும் நம்மைப் போன்ற பென்ஷன்காரர்களுக்கு எந்த பேண்ட் சரிவரும்?

ஆபீஸ் காலத்து டெரிகாட்டன் நன்றாக உழைக்கும். ஆனால் வியர்வையைச் சரியாக உறிஞ்சாது. பேரப்பிள்ளைகள் ஜீன்ஸ் வாங்கச் சொல்வார்கள். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அதனால் ஒரு தகவல். அந்த டெனிம் துணியின் பெயர் 'த நீம்', அதாவது பிரான்சின் நீம் ஊர்த் துணி என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். பாக்கெட் கிழியாமலிருக்க அதில் ஆணி அடிக்கும் முறைக்கு 1873-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள். உழைப்பாளிகளின் உடுப்பு அது. ஆனால் கனம், நனைந்தால் சீக்கிரம் காயாது.

என் தேர்வு, தொழிற்சாலைச் சீருடைக்கு எடுக்கும் பருத்தி ட்ரில். டெனிமைப் போலவே சாய்வாக வரியோடும் நெசவு, மெல்லியதாகவும் கிடைக்கும். டெய்லரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: இடுப்பின் பின்பக்கம் எலாஸ்டிக், உட்காருமிடத்தில் இரட்டைத் தையல், கால் நுனி கணுக்காலோடு நிற்கட்டும்.

மூன்றாவதை மறக்காதீர்கள். கிழிந்த பேண்டை ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம். நம் வயதில் கால் தடுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடக்க மாதக்கணக்காகும்.