வீராணத்துப் பக்கம் ஒரு விரால் குளம்

சிதம்பரம் போகிறவர்கள் நடராஜர் தரிசனம், பிச்சாவரத்தில் ஒரு படகுச் சவாரி, கத்தரிக்காய் கொத்சு என்று முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில் மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் போனால் வீராணம் ஏரி. பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டியது. 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவன் குதிரையில் வருவானே, அதே ஏரிக்கரைதான். கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வந்து நிரம்புகிறது. 2004-லிருந்து சென்னைக்கும் இங்கிருந்து குழாயில் குடிதண்ணீர் போகிறது.

கடலூர் முதுநகரிலிருந்து நான் அங்கே அடிக்கடி போவது ஏரியைப் பார்க்க அல்ல, என் பெரிய நாத்தனாரைப் பார்க்க. வீட்டுக்காரர் தவறிய பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். கையில் மிஞ்சியது கொல்லைக் குளம் ஒன்றுதான். பெண்ணின் நர்ஸிங் படிப்புக்குப் பணம் அதிலிருந்துதான் வரவேண்டும். அதில் அவர் வளர்ப்பதோ விரால், குறவை, தேளி. மூன்றுமே மற்ற மீனைப் பிடித்துத் தின்கிற ஜாதி!

"ஒண்ணையொண்ணு தின்னுடாதா அண்ணி?" என்று கேட்டேன்.

"பசிச்சா தின்னும். வாய்க்குள்ள போற சைஸ்ல இருந்தா பசிக்காட்டியும் தின்னும்" என்றார்.

விஷயம் அவ்வளவுதானாம். விரோதம் எதுவும் கிடையாது, வாயின் அளவுதான் கணக்கு. ஒரே தாய் வயிற்றுக் குஞ்சுகளில்கூட ஒன்று வேகமாக வளர்ந்துவிட்டால் கூடப் பிறந்ததையே விழுங்கிவிடும். அதனால் குஞ்சுகளை நேரே குளத்தில் விடுவதில்லை. கொசுவலைத் துணியில் தொட்டில் மாதிரி தைத்து, நாலு மூங்கில் நட்டுக் கட்டி, அதில் வளர்க்கிறார். பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை உட்கார்ந்து பெரிசு, நடுத்தரம், சின்னது என்று பிரிக்கிறார். நாம் முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி அலுக்காத வேலை. குறவை எப்போதும் சின்ன மீன். அதற்குச் சரிசமமான விரால்தான் கூட இருக்கலாம். விரால் முழங்கை நீளம் வந்துவிட்டால் குறவையை முன்கூட்டியே பிடித்து விற்றுவிடுவார்.

தீனி நேரம் தவறக்கூடாது. எங்கள் கடலூர் துறைமுகத்தில் விலைபோகாத பொடிமீனை வாங்கி, நறுக்கித் தவிட்டோடு பிசைந்து, காலையும் மாலையும் ஒரே மூலையில் போடுகிறார். ஒளிய இடமும் வேண்டும். உடைந்த பானை, மூங்கில் குழாய், ஓரத்தில் கொஞ்சம் ஆகாயத்தாமரை. குளம் முழுக்க அதை மண்டவிட்டால் ஆபத்து. விரால் தண்ணீருக்கு மேலே வந்து காற்றை வாங்கியே ஆகவேண்டும். தலைக்குள் அதற்கென்று தனி அறை இருக்கிறது. மேலே வர வழியில்லாவிட்டால், மீன் என்று பெயர், தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும்!

மழைக்காலத்தில் வாய்க்கால் ஓரம் செம்பழுப்பாகக் குஞ்சுக் கூட்டம் மிதக்கும். கீழேயே தாய் தகப்பன் காவல் இருக்கும். கையை விட்டால் பாய்ந்து வரும். அந்தச் சமயத்தில் பெரிய மீனைத் தூண்டில் போட்டுப் பிடிக்கிறவர்களைக் கண்டால் அண்ணிக்கு ஆகாது. காவல் போனால் குஞ்சு அத்தனையும் மற்ற மீனுக்கு இரை.

2015-ஆம் வருஷத்துப் பெருமழையை நம் ஜில்லாவில் யார் மறப்பார்கள்? அந்த நவம்பரில் குளமும் வயலும் ஒன்றாகி, மீன் அத்தனையும் போய்விட்டது. அந்த வருஷம் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போனது. விரால் ஈரத்தரையில் நெளிந்தே அடுத்த குட்டைக்குப் போகக்கூடியது. இப்போது கரையை உயர்த்தி, இடுப்பளவு வலை அடித்து, அடியைச் சேற்றில் புதைத்திருக்கிறார்.

போன தடவை நான் இருந்தபோது அவர் கொழுந்தன் மகன் கொள்ளிடத்திலிருந்து நாலு வாளைக் குஞ்சு கொண்டுவந்து, "இதையும் விடலாம் பெரியம்மா, சீக்கிரம் பெருக்கும்" என்றான். அண்ணி ஒன்றைத் தூக்கி வாயைத் திறந்து காட்டினார். வாய்ப்பிளவு கண்ணையும் தாண்டிப் போகிறது! "இது ஆளுயரம் வர்ற ஜாதிடா. அடுத்த தைக்கு என் விரால் ஒண்ணு மிஞ்சுமா? உன் தங்கச்சி ஃபீஸை யார் கட்றது?" அவன் முகம் சுருங்கிவிட்டது. கடைசியில் வாளை பம்புசெட் தொட்டிக்குப் போனது.

விலை மலிவு என்று ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சும் விற்க வருகிறார்களாம். அதை வளர்க்க 2000-லேயே தடை. வெள்ளத்தில் வெளியே போனால் நம் நாட்டு மீன்களையே துடைத்துவிடும். அந்த வியாபாரியை இவர் வாசற்படி ஏறவிடுவதில்லை.

குழந்தைகளோடு போகிறவர்கள் தேளியிடம் ஜாக்கிரதை. பக்கத்து முள் குத்தினால் விஷம், கடுப்பு தாங்காது. பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை வைத்திருந்தால் வலி குறையும். பிறகு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

விரால் குழந்தைக்கு நல்லது, சதைக்குள் பொடிமுள் தொல்லை குறைவு. ஆனாலும் பிசைந்து பார்த்தே ஊட்டுங்கள். நான் திரும்பும்போது ஈரச்சாக்கில் இரண்டு சுற்றித் தந்தார். சிதம்பரத்தில் பஸ் மாறி, புதுச்சத்திரம் தாண்டி, கடலூர் வந்து அவிழ்த்தால் இரண்டும் உயிரோடு துள்ளுகின்றன. கல் உப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால்தான் அந்த வழுவழுப்பு போகும். புளி கரைத்து, மாங்காய் நாலு துண்டு போட்டுக் குழம்பு வைத்தேன். மறுநாள் காலை பழையதுக்கு இன்னும் ருசி.